பதினோரு மாசக் கணக்கு

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று நம்மூரில் சொல்வார்கள். மும்பைக்கு வந்த பிறகு நான் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். "வீட்டை வாடகைக்கு விட்டுப் பார்." :-)

வங்கியில் கடன் பிரிவில் இருப்பவன் என்று தெரிந்துவிட்டால் போதும், லோக்கல் ரயிலிலும் விடமாட்டார்கள், தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவிலும் விடமாட்டார்கள். "சார், கையில கொஞ்சம் பணம் இருக்கு. ரெண்டாவதா ஒரு ஃப்ளாட் வாங்கி வாடகைக்கு விடலாம்னு இருக்கேன். நீங்க என்ன சொல்றீங்க?" என்று ஆரம்பிப்பார்கள். அடுத்து வரும் கேள்விகள் எல்லாம் பத்து வருஷமாக மாறவே இல்லை. குடித்தனக்காரன் காலி பண்ண மாட்டேன் என்றால் என்ன செய்வது? பன்னிரண்டு வருஷம் இருந்தால் வீடு அவனுக்கே சொந்தமாகிவிடுமாமே? ஒப்பந்தம் ஏன் பதினோரு மாதம்? டெபாசிட் எவ்வளவு வாங்கலாம்? வாடகையிலேயே ஈ.எம்.ஐ. ஓடிவிடுமா?

ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் "ஏன் அப்படி?" என்று கேட்டால் நூறு வருஷம் பின்னால் போக வேண்டும். இந்தப் பதிவில் அங்கேதான் போகப்போகிறோம். ஒரு எச்சரிக்கை: நான் படித்தது பி.காம்., வக்கீல் இல்லை. பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன் வக்கீலைப் பாருங்கள்.

எல்லாம் ஒரு யுத்தத்தில் ஆரம்பித்தது

1915. முதல் உலக யுத்தம் நடந்துகொண்டிருக்கிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் ஆயுதத் தொழிற்சாலைகளுக்கு ஆட்கள் குவிகிறார்கள். வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றுகிறார்கள். வீட்டு ஆண்களில் பலர் போர்முனையில். பெண்கள் திரண்டு, "ஏற்றின வாடகையைத் தரமாட்டோம்" என்று நின்றார்கள். அவர்களை முன்னின்று நடத்தியவர்களில் மேரி பார்பர் முக்கியமானவர். அந்த வருஷ முடிவிலேயே பிரிட்டிஷ் அரசாங்கம் வாடகையை உயர்த்தக் கூடாது என்று சட்டம் போட்டது.

மூன்று வருஷம் கழித்து அதே யோசனை கப்பலேறி பம்பாய்க்கு வந்தது. 1918ல் வந்த பம்பாய் வாடகை (யுத்தக் கட்டுப்பாடுகள்) சட்டம்தான் இந்தியாவில் வாடகைக் கட்டுப்பாட்டின் தொடக்கம். 1920ல் கல்கத்தாவும் ரங்கூனும் சட்டம் போட்டுக்கொண்டன.

பம்பாயில் அன்றைக்கு நிலைமை மோசம்தான். 1896ல் பிளேக் வந்து ஊரே காலியானது. 1898ல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஏற்படுத்தி நெரிசலான சந்துகளை இடித்தார்கள். இடித்த வேகத்தில் கட்டவில்லை. ஆலைகளுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அரசாங்கமே கட்டட வேலையில் இறங்கி 1920களில் வொர்லி, நாய்காவ், டிலைல் ரோடு, சிவ்ரி பகுதிகளில் எழுப்பியவைதான் பி.டி.டி. சால்கள். மொத்தம் 207 கட்டடங்கள்.

அதே டிரஸ்ட் போட்ட தாதர்-மாட்டுங்கா மனைத் திட்டத்தில்தான் நம்மவர்களில் பலர் குடியேறினார்கள். டைப்ரைட்டிங் பாஸ் பண்ணிவிட்டு மெட்ராஸிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் ரயிலேறிய தலைமுறை. அவர்களில் பெரும்பாலோர் வாடகைக்குத்தான் வந்தார்கள். அன்றைக்கு வாடகை வீடு என்பது கௌரவக் குறைவு இல்லை. கையில் பணமிருந்த வியாபாரிகள் கட்டடம் கட்டி வாடகைக்கு விடுவதை ஒரு நல்ல முதலீடாக நினைத்தார்கள். இன்று "சார், வாடகை வருமானத்துக்காக ஒரு ஃப்ளாட்" என்று கேட்பவர்களின் முன்னோடி அவர்கள்தான். அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தாலே பாதிக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்துவிடும்.

1940 செப்டம்பர் 1

முதல் சட்டம் 1920களின் கடைசியில் காலாவதியானது. 1939ல் இரண்டாம் யுத்தம் வந்ததும் கட்டுப்பாடும் திரும்பி வந்தது. 1947ல் வந்ததுதான் பெரிய சட்டம், பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். பிரிவினையால் சிந்திலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் அகதிகள் வந்து இறங்கிய நேரம். யாரையும் தெருவில் நிறுத்தக் கூடாது என்ற நோக்கத்தில் குறை சொல்ல முடியாது.

சட்டம் சொன்னது இவ்வளவுதான். 1940 செப்டம்பர் 1 அன்று என்ன வாடகையோ அதுதான் நியாய வாடகை. அதற்குப் பிறகு முதல்முறையாக வாடகைக்கு விட்ட வீடு என்றால் முதலில் பேசிய வாடகை. குறிப்பிட்ட சில காரணங்கள் இல்லாமல் காலி செய்யச் சொல்ல முடியாது. குடித்தனக்காரர் இறந்தால் கூட இருந்த குடும்பத்தார் தொடரலாம். தற்காலிகச் சட்டம்தான், ஆனால் நீட்டித்து நீட்டித்து ஐம்பது வருஷம் ஓட்டினார்கள்.

ஒரு வங்கிக்காரனாக இதை இப்படிப் பார்க்கிறேன். உங்களிடம் ஒரு ஃபிக்ஸட் டெபாசிட். வட்டித் தொகை 1940லேயே உறைந்துவிட்டது. முதலை எடுக்க முடியாது. ஆனால் அந்த டெபாசிட் ரசீதுக்கு வருஷா வருஷம் பெயின்ட் அடிக்க வேண்டும், கூரை ஒழுகினால் மாற்ற வேண்டும். நீங்கள் என்ன செய்வீர்கள்? பெயின்ட் அடிப்பதை நிறுத்துவீர்கள். அவர்களும் நிறுத்தினார்கள்.

கட்டடங்கள் மழைக்காலத்தில் சரிய ஆரம்பித்தன. 1969ல் அரசாங்கம் ஒரு பழுதுபார்ப்பு வாரியம் அமைத்து, அதற்காகத் தனி வரி விதித்தது. அந்த வரி வளையத்துக்குள் வந்தவை 19,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள். இன்றைக்கும் கிர்காவ், காமாட்டிபுரா பக்கம் மரச்சட்டம் முட்டுக்கொடுத்து நிற்கும் கட்டடங்களைப் பார்த்தால் உங்களுக்கு 1940 செப்டம்பர் 1 ஞாபகம் வரட்டும்.

இன்னொன்றும் நடந்தது. வாடகைக்கு விட யாரும் கட்டவில்லை. கட்டினவர்கள் விற்றார்கள். கூட்டாகச் சேர்ந்து வீடு கட்டிக்கொள்ளும் வழக்கம் 1915ல் காம்தேவியில் சாரஸ்வத் சங்கம் தொடங்கியதிலிருந்தே இருந்ததுதான். ஆனால் "ஓனர்ஷிப் ஃப்ளாட்" ஊரெங்கும் பரவி, அதை ஒழுங்குபடுத்தவே 1963ல் தனிச் சட்டம் வேண்டியிருந்தது. வீட்டுக்காரர் என்ற இனமே அருகி, எல்லோரும் வீடு வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தது. எங்களைப் போன்ற வங்கிகளின் வீட்டுக்கடன் வியாபாரமும் அதில்தான் தழைத்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. :-)

கேள்வி 1: பகடி வீடு சல்லிசாக வருகிறது, வாங்கலாமா?

வாடகை உறைந்துபோனதும் மனிதர்கள் குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். அதுதான் பகடி. முன்பணமாக ஒரு பெரிய தொகை, அதற்கப்புறம் பேருக்கு ஒரு மாத வாடகை. குடித்தனக்காரர் தன் உரிமையை இன்னொருவருக்கு மாற்றிவிடலாம், வீட்டுக்காரருக்கு அதில் ஒரு பங்கு. நம்மூர் ஒத்தி மாதிரி தோன்றும், ஆனால் அது இல்லை. ஒத்தியில் பணம் திரும்பி வரும். பகடியில் வராது.

1947 சட்டப்படி பகடி வாங்குவது குற்றம். ஆனாலும் ஊரே வாங்கியது. கடைசியில் 1999 சட்டம் அதை அங்கீகரித்துவிட்டது.

என் பதில்: பகடியில் நீங்கள் வாங்குவது வீட்டை இல்லை, குடித்தன உரிமையை. கட்டடமும் மனையும் வேறொருவர் பேரில் இருக்கும். அதனால்தான் வங்கிகள் பொதுவாக அதன் மேல் கடன் தருவதில்லை. வாடகை வருமானத்துக்காக முதன்முதலாக வீடு வாங்குபவர் இதில் கைவைக்க வேண்டாம்.

கேள்வி 2: ஏன் பதினோரு மாதம்?

இது இரண்டு பழைய சட்டங்களின் குழந்தை. 1882ன் சொத்து மாற்றுச் சட்டமும் 1908ன் பதிவுச் சட்டமும் சேர்ந்து, ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்கின்றன. பதினோரு மாதம் என்றால் பதிவு வேண்டாம், செலவு மிச்சம். நாடு முழுக்க இந்த வழக்கம் வந்தது இப்படித்தான்.

மும்பையில் இதோடு இன்னொரு நூலும் முறுக்கிக்கொண்டது. வாடகைச் சட்டம் காப்பாற்றுவது "குடித்தனக்காரரை". அப்படியானால் அவரைக் குடித்தனக்காரர் என்று சொல்லாமல், "வந்து தங்கிப் போக அனுமதி பெற்றவர்" என்று எழுதிவிட்டால்? அந்த "அனுமதி"க்கு 1882ன் வசதியுரிமைச் சட்டத்தில் இடம் இருந்தது. "லீவ் அண்ட் லைசென்ஸ்" பிறந்தது அப்படி.

இந்த இரண்டுக்கும் வித்தியாசம் என்ன என்று உச்ச நீதிமன்றமே 1959ல் உட்கார்ந்து யோசித்தது. டெல்லி இம்பீரியல் ஹோட்டலில் முடிதிருத்தும் நிலையம் வைத்திருந்தவர் தொடர்பான வழக்கு அது. பத்திரத்தின் தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பது முக்கியமில்லை, உண்மையில் இரு தரப்பும் என்ன நினைத்தார்கள், இடம் யார் வசம் முழுமையாக இருந்தது என்பதைப் பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம்.

அடுத்த அடி 1973ல் விழுந்தது. அந்த வருஷம் பிப்ரவரி 1 அன்று நடப்பிலிருந்த லைசென்ஸில் குடியிருந்தவர்கள் எல்லோரும் இனி காப்புப் பெற்ற குடித்தனக்காரர்கள் என்று மகாராஷ்டிர அரசு திருத்தம் கொண்டுவந்தது. ராத்திரி தூங்கும்போது "அனுமதி பெற்றவர்", காலையில் எழுந்தால் குடித்தனக்காரர். வீட்டுக்காரர்கள் சூடு கண்ட பூனையானது அப்போதுதான். மும்பையில் இன்றைக்கும் ஒரு வயதான வீட்டுக்காரர், பத்து மாதம் முடிந்ததுமே "அடுத்து எங்க போறீங்க?" என்று கேட்டால் கோபப்படாதீர்கள். 1973 பேசுகிறது.

பதில்: இன்று மகாராஷ்டிராவில் பதினோரு மாதத்தால் எந்த லாபமும் இல்லை. 2000 மார்ச் 31 முதல் நடப்பில் இருக்கும் 1999 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், காலம் எவ்வளவாக இருந்தாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவு செய்ய வேண்டும் என்கிறது. பதிவு செய்யும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. செய்யாவிட்டால் சிறையோ அபராதமோ உண்டு. அதைவிட முக்கியம், தகராறு என்று வந்தால் என்ன நிபந்தனையில் குடிவந்தேன் என்று குடித்தனக்காரர் சொல்கிறாரோ அதுதான் எடுபடும், நேர்மாறாக நிரூபிக்கிற வரை. ஐந்நூறு ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி நோட்டரி முத்திரை குத்தினால் போதும் என்று எந்தப் புரோக்கர் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கேள்வி 3: காலி பண்ண மாட்டேன் என்றால்? பன்னிரண்டு வருஷக் கதை உண்மையா?

இரண்டு பயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். பன்னிரண்டு வருஷம் என்பது காலவரையறைச் சட்டத்தில் வருவது. உரிமையாளருக்கு எதிராக, அவர் அனுமதி இல்லாமல், வெளிப்படையாக இடத்தை வைத்திருப்பவருக்கான கணக்கு அது. உங்கள் அனுமதியோடு வந்து வாடகை கொடுப்பவர் எத்தனை வருஷம் இருந்தாலும் அதை வைத்துச் சொந்தம் கொண்டாட முடியாது. அனுமதிக்குச் சாட்சி ஒப்பந்தமும் வங்கிக் கணக்கில் வந்த வாடகையும். ரொக்கமாக வாங்காதீர்கள் என்று நான் சொல்வது வங்கி விசுவாசத்தால் மட்டும் இல்லை.

இன்னொரு பயம், 1947 சட்டம் தந்த பயம். அதற்கு வரலாற்றில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நிலைமை மாறிவிட்டது. 1997 டிசம்பரில் மால்பே விஸ்வநாத் ஆசார்யா வழக்கில் உச்ச நீதிமன்றம், 1940 வாடகையை அப்படியே உறைய வைத்திருப்பது காலப்போக்கில் நியாயமற்றதாகிவிட்டது என்றது. பிறகு வந்ததுதான் 1999 சட்டம். பழைய குடித்தனக்காரர்களின் பாதுகாப்பு அதில் தொடர்கிறது. அவர்கள் வாடகையில் வருஷத்துக்கு 4% ஏற்றலாம் என்று ஒரு சின்ன வழி. ஆனால் புதிதாக லைசென்ஸில் வருபவர் காலம் முடிந்ததும் போக வேண்டும். போகாவிட்டால் தனி அதிகாரியிடம் மனு செய்யலாம், தங்கியிருக்கும் காலத்துக்கு இரட்டிப்புத் தொகை கேட்கலாம்.

ஒரு சுவாரசியம் சொல்கிறேன். மும்பையில் வங்கி லீஸுக்கு வீடு தர வீட்டுக்காரர்கள் போட்டி போடுவார்கள். வங்கி அதிகாரிகள் ரொம்ப நல்லவர்கள் என்பதால் என்று நான் கொஞ்ச நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். சட்டத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது, குடியிருப்பது வங்கியாகவோ, பொதுத்துறை நிறுவனமாகவோ, ஒரு கோடி ரூபாய்க்குக் குறையாத பங்கு மூலதனம் உள்ள கம்பெனியாகவோ இருந்தால் 1999 சட்டத்தின் பாதுகாப்பு அதற்குக் கிடையாது! எங்களுக்கு மரியாதை வந்த வழி அதுதான். :-)

கேள்வி 4: டெபாசிட் எவ்வளவு?

வாடகையைச் சட்டம் பிடித்து வைத்தால், பணம் வேறு கதவு வழியாக வரும். பகடி ஒரு கதவு, பெரிய டெபாசிட் இன்னொன்று. அரசாங்கமும் இதைக் கவனித்திருக்கிறது. மகாராஷ்டிராவில் லைசென்ஸ் ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை போடும்போது, திருப்பித் தரும் டெபாசிட்டுக்கும் வருஷம் 10% வட்டி என்று ஒரு கணக்குப் போட்டுச் சேர்க்கிறார்கள். மத்திய அமைச்சரவை 2021 ஜூனில் ஒப்புதல் தந்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருக்கும் வீட்டுக்கு இரண்டு மாத வாடகைதான் உச்சம் என்கிறது. அது மாதிரிதான், மாநிலம் ஏற்றால்தான் சட்டம்.

சென்னையில் வீடு வாங்கிப் போட்டிருக்கும் நண்பர்கள் கவனிக்க: 1960ன் பழைய சட்டம் போய்விட்டது. 2019 பிப்ரவரி 22 முதல் புதுச் சட்டம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். வேறு மாதிரி பேசிக்கொள்ளாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. "பத்து மாச அட்வான்ஸ், அதுதான் வழக்கம்" என்று இருப்பவர்கள் அதை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியாக வேண்டும். ஊரில் மச்சானை விட்டு வாய்வார்த்தையில் வாடகைக்கு விடுவது இனிமேலும் வேண்டாம்.

கேள்வி 5: வாடகையில் ஈ.எம்.ஐ. ஓடுமா?

ஓடாது. கணக்கு எளிது. ஒரு கோடிக்கு ஒரு ஃப்ளாட் என்று வையுங்கள். கையிலிருந்து 25 லட்சம், கடன் 75 லட்சம், 8.5% வட்டி, 20 வருஷம். மாதத் தவணை சுமார் 65,000. வாடகை 25,000 என்று வைத்தால் வருஷத்துக்கு 3 லட்சம். சொசைட்டி மெயின்டனன்ஸ் மாதம் 4,000 போனால் 48,000. வருஷத்தில் ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் 25,000. சொத்துவரி, சில்லறை ரிப்பேர் போக மிஞ்சுவது இரண்டேகால் லட்சத்துக்குள். ஒரு கோடிக்கு 2.25%கூட இல்லை. (வாடகைக்கு விட்டதற்காக சொசைட்டி கேட்கும் கூடுதல் கட்டணம், 2001 அரசாணைப்படி சேவைக் கட்டணத்தில் 10%க்கு மேல் போகக் கூடாது. மேலே கேட்டால் ஆணையைக் காட்டுங்கள்.)

முன்பு இந்தப் பள்ளத்தை வருமான வரிச் சலுகை கொஞ்சம் நிரப்பியது. வாடகைக்கு விட்ட வீட்டின் கடன் வட்டி எவ்வளவானாலும் சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாம். 2017-18 நிதியாண்டிலிருந்து அந்த நஷ்டத்தில் 2 லட்சம் வரைதான் கழியும், மிச்சத்தைப் பின்வருஷங்களுக்குக் கொண்டுபோகலாம். புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குச் சம்பளத்தில் அதுவும் கழியாது. பத்து வருஷத்துக்கு முன்னால் வாங்கிய அண்ணன் சொல்லும் கணக்கை வைத்து இன்று நீங்கள் வாங்காதீர்கள். அவர் கணக்கு அன்றைக்குச் சரி.

பயத்தின் விலை

இந்தக் கதையில் வில்லன் யார் என்று தேடினால் கிடைக்க மாட்டார். 1918லும் 1947லும் சட்டம் போட்டவர்கள் ஏழையைத் தெருவில் நிறுத்தாதே என்றார்கள். சரிதான். வாடகையிலிருந்து ஒரு குழாய்கூட மாற்ற முடியாமல் போன விதவை வீட்டுக்காரியும் பாவம்தான். டெல்லியில் 1995ல் புதிய வாடகைச் சட்டத்தை நாடாளுமன்றமே நிறைவேற்றியது. பழைய வாடகையில் கடை வைத்திருந்த வியாபாரிகள் எதிர்த்ததால் அது நடைமுறைக்கே வரவில்லை. கொடுத்த சலுகையைத் திரும்ப எடுப்பது அவ்வளவு கஷ்டம்.

விளைவு எண்களில் தெரிகிறது. 1961ல் இந்திய நகரங்களில் 54% வாடகை வீடுகள். 2011ல் 28%. இது 2017-18 பொருளாதார ஆய்வறிக்கை தரும் கணக்கு. அதே 2011 சென்சஸில் நகரங்களில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஒரு பக்கம் வீடு தேடி அலையும் குடும்பம், இன்னொரு பக்கம் பூட்டு. இந்தப் பூட்டுக்குப் பல காரணம் உண்டு, பயம் அதில் பெரிய காரணம். மழை விட்டும் தூவானம் விடவில்லை.

நாம் எல்லோரும் இந்த ஊருக்குக் குடித்தனக்காரர்களாக வந்தவர்கள். "எந்த ஊரு? கறி சமைப்பீங்களா? எத்தனை பேர்?" என்ற விசாரணையைத் தாண்டித்தான் முதல் சாவியை வாங்கினோம். இன்று நம் கையில் சாவி. எனவே முதல் வீட்டை வாடகைக்கு விடப்போகிறவர்களுக்கு என் யோசனை: பயத்தை முழுக்கக் காகிதத்தின் மேல் காட்டுங்கள். பதிவு செய்யுங்கள், வாடகையை வங்கி வழியாக வாங்குங்கள், காலம் முடியுமுன் புதுப்பியுங்கள், போலீசுக்குத் தர வேண்டிய தகவலைத் தந்துவிடுங்கள். காகிதம் சரியாக இருந்தால் வருகிற மனிதரின் சாதி, மதம், சாப்பாடு எதையும் குடைய வேண்டியதில்லை. அவர் வாடகை கொடுப்பாரா, வீட்டை ஒழுங்காக வைத்திருப்பாரா, இரண்டுதான் கேள்வி.

ஒருவேளை கணக்கு உதைத்தால், வாங்காமல் இருப்பதும் ஒரு முதலீட்டு முடிவுதான். கடன் பிரிவு அதிகாரி இப்படிச் சொல்கிறானே என்று எங்கள் கிளை மேலாளரிடம் போட்டுக்கொடுத்துவிடாதீர்கள். :-)

வேறு ஊர்களில், பெங்களூரிலோ புனேயிலோ ஹைதராபாதிலோ, வீடு வாடகைக்கு விட்ட அனுபவம் உள்ளவர்கள் பின்னூட்டத்தில் எழுதுங்கள். அங்கே எத்தனை மாதக் கணக்கு என்று தெரிந்துகொள்கிறேன்.